காலி என்று சொன்ன துப்பாக்கிகள்

மான் வேட்டைத் துப்பாக்கி துடைக்கிற வேலையில் பாதி நேரம் காத்திருப்பதுதான். குழலுக்குள் கரி எடுக்கிற மருந்தைத் தடவிவிட்டால் பத்து நிமிஷம் ஊறணும். அந்தப் பத்து பத்து நிமிஷத்தில்தான் இதை எழுதுகிறேன். இப்போதும் இடது கையில் துணித்துண்டு மாட்டிய கம்பி, வலது கையில் பேனா. தாளில் எண்ணெய்க் கறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் இருந்தேன். நாத்தனார் ரொம்ப வருஷம் முன்னால் போட்டு வைத்த பேப்பர் ஒருவழியாக நகர்ந்து, கிரீன் கார்டோடு நாங்கள் மூன்று பேரும் டெக்சாஸ் வந்து சேர்ந்தோம். ஹூஸ்டனிலிருந்து ஒன்றரை மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊர். வீட்டுக்காரருக்கு வால்வு செய்கிற கம்பெனியில் லேத் வேலை. மகள் நிலாவுக்கு நாலு வயசு, ப்ரீ-கே என்கிற மழலை வகுப்புக்குப் போகிறாள். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அது தெரியாதவளுக்கு இந்த ஊரில் கால் இருந்தும் பிரயோஜனமில்லை. இரண்டு வருஷம் அபார்ட்மென்ட் ஜன்னல் வழியாகப் பார்க்கிங் லாட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நடந்து போகிற தூரத்தில் மூன்றே இடம்: கேஸ் ஸ்டேஷன் என்கிற பெட்ரோல் பங்க் ஒன்று, ஒரு சர்ச், டெப்பியின் துப்பாக்கிக் கடை. கேஸ் ஸ்டேஷனில் ஆள் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

கவுன்டருக்குப் பின்னால் நின்று, சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாமல் போன அனுபவம் உங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறதோ தெரியாது. இருக்கிறவர்களுக்குத்தான் இது.

முதல் நாள்

கடைக்காரம்மா டெப்பிக்கு ஐம்பது வயசு இருக்கும். நல்ல உயரம், வெட்டுக்கிளி மாதிரி நடை. ஒரு பழைய துப்பாக்கிக்கு ஸ்க்ரூ கிடைக்காமல் வீட்டுக்காரரிடம் கடைந்து வாங்கிக்கொண்டவர். அப்போது வீட்டுக்காரர் என்னைப் பற்றிச் சொல்லிவைத்திருக்கிறார். போய் நின்றதும் டெப்பி என் கையில் ஒரு துப்பாக்கியையும் ஒரு எண்ணெய்க் குப்பியையும் கொடுத்தார். நான் ஒரே ஒரு சொட்டு விட்டுத் துணியால் தேய்த்தேன். பனியன் கம்பெனியில் எண்ணெய் கூடினால் துணியெல்லாம் கறையாகி சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கணும். அந்தப் பயம் கையிலேயே இருக்கிறது. டெப்பி சரி என்று தலையை ஆட்டினார். துடைக்கிற வேலை எனக்குத்தான் என்று அதோடு முடிவாகிவிட்டது. கவுன்டர் வேலைதான் கஷ்டம்.

எங்கள் கடைக்கு வருவதில் பெரும்பாலும் பழைய லீவர் துப்பாக்கி. விசைக்குக் கீழே ஒரு இரும்பு வளையம் இருக்கும், அதுதான் லீவர். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் ஒரு தோட்டா வெளியே தெறிக்கும், அடுத்தது உள்ளே ஏறும். தோட்டாக்கள் குழலுக்கு அடியில் இன்னொரு குழாயில் ரயில் பெட்டி மாதிரி வரிசையாகப் படுத்திருக்கும். வெளியே இருந்து பார்த்தால் எத்தனை இருக்கிறது என்று தெரியவே தெரியாது. அதனால் கடையில் ஒரே சட்டம்: யார் கொண்டுவந்து கொடுத்தாலும், "திறந்து காட்டுங்கள்" என்று சத்தமாகச் சொல்லணும். அவர்கள் லீவரை இரண்டு தரம் திறந்து காட்டணும், நாம் கண்ணாலும் பார்த்து விரலையும் விட்டுப் பார்க்கணும். அதற்குப் பிறகுதான் கையில் வாங்கலாம். டெப்பி சொன்னார், "நீ சொல்வது பின்னால் வொர்க்‌ஷாப்பில் இருக்கிற எனக்குக் கேட்கணும். நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வரைக்கும் பார்ப்பேன். கேட்கவில்லை என்றால் உன்னை வைத்துக்கொள்ள முடியாது. இது என் முசுட்டுத்தனம் இல்லை, யாராவது செத்துப்போவார்கள்."

முதல் கஸ்டமர் வந்தார். தாடி, தொப்பி, கதவை அடைக்கிற உடம்பு. நான் "ஓப்பன் இட் ப்ளீஸ்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன், குனிந்து, துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டே. அவர் பாவம் நல்ல மனுஷன். தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "மேம், என்கிட்ட பேசறீங்களா, துப்பாக்கிகிட்ட பேசறீங்களா?"

பொட்டு

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. கம்பெனியில் மெஷின் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைக்காமல் அந்த நாளைக் கழித்ததே இல்லை. டெப்பி பேங்குக்குப் போயிருந்த நேரம் சாமானை இறுக்கிப் பிடிக்கிற வைஸ், துடைக்கிற கம்பி, ஸ்க்ரூ டிரைவர் எல்லாவற்றுக்கும் வைத்தேன். கை சும்மா இருக்குமா? ரேக்கில் துடைத்து வைத்திருந்த நாலு துப்பாக்கிக்கும் மரக்கட்டையில் ஒவ்வொரு பொட்டு வைத்துக் கும்பிட்டேன். ஆயுதம் என்றால் இதைவிட ஆயுதம் உண்டா? அப்புறம்தான் இது மற்றவர்கள் பொருள் என்று உறைத்து, டெப்பி வருவதற்குள் அவசர அவசரமாகத் துடைத்தேன். மூன்றைத் துடைத்தேன். நாலாவதை அதன் சொந்தக்காரர் அன்று சாயங்காலமே வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாளில் திரும்பி வந்தார். கவுன்டரில் துப்பாக்கியைத் திருப்பி வைத்து, காய்ந்துபோன சிவப்பை விரலால் காட்டி, "இது ரத்தமா?" என்று கேட்டார். எனக்கு உயிரே இல்லை. வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே, தெரிந்த இங்கிலீஷையெல்லாம் சேர்த்து, "டூல் பர்த்டே" என்றேன். பின்னால் இருந்து வந்த டெப்பிக்கும் புரியவில்லை. நான் என் நெற்றியைக் காட்டினேன், வைஸைக் காட்டினேன், கம்பியைக் காட்டினேன், கை கூப்பிக் காட்டினேன். சொந்தக்காரர் குனிந்து பொட்டை உற்றுப் பார்த்தார். அது எண்பது வருஷத்துக் கட்டை, கறை பிடித்திருந்தால் என்ன பதில் சொல்வது? துடைக்கிறேன் என்று துணியை எடுத்தேன். அவர் துப்பாக்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்: "வேட்டை சீசன் முடியட்டும் மேம். இதுவரைக்கும் என் துப்பாக்கிக்காக யாரும் பிரே பண்ணினதில்லை."

கூர் மூக்கு

சீசன் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது ஒருவர் வந்து, என்னைப் பார்த்ததும் "தமிழா?" என்றார். கார்த்திக் என்று பெயர். சென்னைக்காரர், ஆஸ்டினில் சாஃப்ட்வேர் வேலை. ஏதோ வீடியோ பார்த்து ஆசைப்பட்டுப் பழைய லீவர் துப்பாக்கி ஒன்று வாங்கியிருக்கிறார், முதல் தடவையாக மான் வேட்டைக்குப் போகிறார். "சிஸ்டர், செம கிளாசிக் பீஸ் இது. என் வொய்ஃப் வெஜிடேரியன், இது வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னுட்டா. கராஜ்ல வெச்சு லாக் பண்ணியிருக்கேன்" என்று சிரித்தபடி தோட்டா டப்பாவை எடுத்து வைத்தார். ஆபீஸ் நண்பர் ஒருவர் தன் வீட்டிலேயே வெடிமருந்து அடைத்துச் செய்து கொடுத்தாராம். நல்ல தூரம் போகுமாம்.

டப்பாவைத் திறந்தால் ஒவ்வொன்றும் பென்சில் சீவினது மாதிரி கூர் மூக்கு. லீவர் துப்பாக்கியில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும் என்றேன் இல்லையா? பின்னால் இருப்பதன் மூக்கு முன்னால் இருப்பதன் அடியில் போய் இடிக்கும். அடியின் நடுவில்தான் தீப்பற்றுகிற இடம். அதனால் இதற்கு மொட்டை மூக்குத் தோட்டாதான் போடுவார்கள். கூர் மூக்கைப் போட்டுச் சுட்டால், அந்த உதையில் குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். அந்தக் குழாயைத்தான் இடது கையால் பிடித்திருப்பார்கள். அவர் பேசிக்கொண்டே ஒன்றை எடுத்துத் துப்பாக்கியின் பக்கவாட்டில் வைத்து அழுத்தப் போனார்.

"ஏனுங்க! உங்களுக்குக் கை வேணுமா வேண்டாமா? எடுங்க அதை! திறங்க துப்பாக்கிய! திறங்கன்னு சொல்றனல்லங்க!"

என் குரல்தானா என்று நானே திரும்பிப் பார்த்தேன். கார்த்திக் தோட்டாவைக் கீழே போட்டுவிட்டு லீவரைத் திறந்தபடி சிலை மாதிரி நின்றார். விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளுத்தது. "யாரும் சொல்லவே இல்ல சிஸ்டர்" என்றார். சத்தம் கேட்டு வொர்க்‌ஷாப்பிலிருந்து ஓடிவந்த டெப்பி டப்பாவைப் பார்த்தார், கார்த்திக்கைப் பார்த்தார், என்ன சொன்னாள் என்று கேட்டார். கார்த்திக் ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னார். டெப்பி என்னிடம் வந்து நின்றார்: "இந்தக் குரல் இவ்வளவு நாள் எங்கே இருந்தது? இங்கிலீஷை விடு. இனிமேல் இதிலேயே சொல்."

பரண்

சீசன் திறந்த அன்று வீட்டுக்காரரை அவரோடு வேலை பார்க்கிற ஜோ என்பவர் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதற்கான லைசென்ஸும் வகுப்பும் முன்பே முடித்துவிட்டார். ஜோவின் இரவல் லீவர் துப்பாக்கி, என் புளிச்சோற்று டப்பா, தூரத்திலிருந்தே ஆள் தெரிகிற ஆரஞ்சு உடுப்பு. இங்கே மான் வருவதற்காக ஒரு தகரப் பீப்பாயிலிருந்து மக்காச்சோளம் தானாகக் கொட்டுகிற மாதிரி வைத்திருப்பார்கள். அதற்கு எதிரே கால் நட்டுக் கட்டிய மரக்கூண்டு ஒன்று. விடியும் முன்பே ஏறி உட்கார்ந்து, மூச்சுக் காட்டாமல் காத்திருக்கணும்.

இவர் பிறந்தது சத்தியமங்கலம் பக்கம். பதினெட்டு வயசு வரைக்கும் ராத்திரி பூராவும் பரணில் உட்கார்ந்து, சோளக்காட்டுக்குள் பன்றியும் மானும் இறங்காமல் விரட்டினவர். ஆக, இங்கே மங்கல் வெளிச்சத்தில் ஒரு பெரிய கொம்பு மான் வந்து சோளத்தில் வாயை வைத்ததும், தூக்கக் கலக்கத்தில் இவருக்குள் இருந்த பழைய ஆள் எழுந்துவிட்டான். கூண்டின் தகரத்தைப் படபடவென்று தட்டி, "ஏய்ய்! போ! போ அந்தப் பக்கம்!" என்று ஒரு கத்து கத்தியிருக்கிறார். மான் வேலியைத் தாண்டினது பக்கத்து ஜில்லாவில்தான் நின்றிருக்கும்.

மத்தியானம் வந்து இறங்கினார்கள். இவர் துடைத்துக் கொடுப்பதற்காக ஜோவின் துப்பாக்கியோடு படியேற, நான் கதவிலேயே நின்று, "திறங்க" என்றேன். "அட போ புள்ள, ஒரு குண்டுகூடச் சுடல" என்றார். "சுடலைன்னா எல்லாம் உள்ளயேதான இருக்கும்? திறங்க மாமா." நிலா சோபாவில் இருந்தபடியே, "அப்பா, ஜஸ்ட் டூ இட். ஷி வோன்ட் ஸ்டாப்" என்றாள். லீவரை இரண்டு தரம் அடித்துக் காட்டினார். தோட்டாவையெல்லாம் ஜோ வண்டியிலேயே எடுத்து வைத்திருந்தார், காலிதான். விரலை விட்டும் பார்த்துவிட்டுத்தான் வழிவிட்டேன். ஜோ கீழே நின்று என்னிடம் புகார் சொன்னார்: "ஆகஸ்ட்டிலிருந்து அந்த மானுக்குச் சாப்பாடு போட்டு வளர்த்தேன். உங்க ஆள் அதைத் திட்டி அனுப்பிட்டார்."

ஐந்து

அடுத்த திங்கட்கிழமை கடை நிறைந்துவிட்டது. வேட்டை முடிந்து துடைக்கக் கொடுக்க வந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். எல்லாரிடமும் "திறங்க!" என்றேன். முதலில் விழித்தார்கள், நான் கையால் லீவரைக் காட்டினதும் திறந்தார்கள். பத்துப் பேருக்கு அப்புறம், வரிசையில் பின்னால் நின்றவர்கள் முன்னால் நின்றவர்களுக்கு அர்த்தம் சொல்ல ஆரம்பித்தார்கள்.

கடைசியில் ரஸ்ஸல் வந்தார். பண்ணைக்காரர், அறுபது வயசு இருக்கும், டெப்பிக்குப் பல வருஷப் பழக்கம். கூட அவர் பேத்தி, நிலா வயசுதான். அது கவுன்டர் ஓரத்தில் மான் குரல் எழுப்புகிற ஊதுகுழல்களை எண்ணிக்கொண்டு நின்றது. "காலிதான்மா" என்று துப்பாக்கியைக் கவுன்டரில் வைத்தார். "அஞ்சு போட்டேன், ஒண்ணு சுட்டேன், நாலை எடுத்துட்டேன்." குழல் எந்தப் பக்கம் பார்த்தது என்றால், அந்தக் குழந்தை நின்ற பக்கம்.

"திறங்க" என்றேன். சிரித்துக்கொண்டே எடுத்து ஒரு தரம் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை, நானும் பார்த்தேன். உடனே மூடினார். மூடும்போது ஒரு சத்தம். காலித் துப்பாக்கியை மூடினால் "சடக்" என்று லேசாகக் கேட்கும். இது கனமாக, எதையோ விழுங்கின மாதிரி கேட்டது. ஓவர்லாக்கில் ஊசி உடையப்போகிறது என்பதைக் காது முதலில் சொல்லும், மூளை அப்புறம்தான். ரஸ்ஸல் பழக்கத்தில் பின்னால் நிமிர்ந்து நின்ற, தோட்டாவை அடிக்கிற சுத்தியலை மெதுவாக இறக்கக் கட்டைவிரலை வைத்து, விசை மேல் ஆள்காட்டி விரலைக் கொண்டுபோனார். எண்ணெய்ப் பிசுக்கு விரல். கட்டைவிரல் வழுக்கினால் போதும், சுத்தியல் விழுந்து வெடித்துவிடும்.

"திறங்க! திறங்க! இன்னொரு தரம் திறங்க!"

வரிசையில் வந்திருந்த தொப்பிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டெப்பி வொர்க்‌ஷாப் கதவில் நின்றார். ரஸ்ஸலின் விரல் விசையிலிருந்து விலகியது. குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மெதுவாக லீவரைத் தள்ளினார். மஞ்சள் பளபளப்பில் ஒரு முழுத் தோட்டா எகிறி, கவுன்டரில் விழுந்து உருண்டு, என் ரசீதுப் புத்தகத்தில் முட்டி நின்றது.

டெப்பி அப்புறம் விளக்கினார். ரஸ்ஸல் ஐந்து போட்டிருக்கிறார். அதில் ஒன்றைக் குழலுக்கு ஏற்றினதும் குழாயில் ஒரு இடம் காலியாக, பழக்கத்தில் இன்னொன்றையும் திணித்திருக்கிறார். ஆக ஆறு. அந்த ஆறாவது, பழைய குழாயின் பிசுக்கில் ஒட்டி உட்கார்ந்துவிட்டது. கடையில் முதல் தரம் லீவரைத் திறந்த அதிர்வில் கழன்று மேலே வந்து, மூடினதும் குழலுக்குள் ஏறிவிட்டது. காலி என்று காட்டினதுதான் அதை நிறைத்திருக்கிறது.

ரஸ்ஸல் தரையில் உட்கார்ந்துவிட்டார். பேத்தி வந்து அவர் தோளில் சாய்ந்தது. அவளைக் கட்டிக்கொண்டு, "வர்ற வழியெல்லாம் பின் சீட்டுல இவ பக்கத்துலதான் இருந்தது" என்றார். நான் கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டெப்பி எனக்கு ஒரு ஸ்டூலும் அவருக்கு ஒரு கப் தண்ணீரும் கொண்டுவந்தார். ரஸ்ஸல் தண்ணீரைக் குடிக்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "மேம், அஞ்சு வரைக்கும் எண்ணத் தெரியும்னு நாற்பது வருஷமா நினைச்சுட்டிருந்தேன்."

அப்புறம்

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் முன் டெப்பி முன்னால் போய் நின்றேன். கஸ்டமர் ஒருவரைப் பார்த்துக் கடை நடுவில் கத்தினதற்கு ஏதாவது சொல்வாரோ என்று ஒரு பயம். அவர் நிமிராமலே ஒரு துப்பாக்கியின் ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டிருந்தார். "தேங்க்ஸ்கிவிங்…" என்று நான் ஆரம்பித்ததும், "அந்த வாரம் லீவு. அடுத்த வாரத்திலிருந்து ஒன்பது மணிக்கு வராதே, எட்டு மணிக்கு வா" என்றார். வெளியே வந்து, ஆள் இல்லாத பார்க்கிங் லாட்டில் நின்று, நன்றாக ஒரு மூச்சு விட்டேன். மூச்சு என்றால் அப்படி ஒரு மூச்சு. நிலா பிறந்தபோது நர்ஸ் "பொண்ணு" என்று தூக்கிக் காட்டின அன்றைக்கு விட்ட மூச்சுக்கு அடுத்தது அதுதான்.

கார்த்திக் மொட்டை மூக்குத் தோட்டா வாங்கிக்கொண்டு போய், ஒரு மானும் சுடாமல், கையும் காலும் முழுசாக ஆஸ்டினில் இருக்கிறார். தீபாவளிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்: "சிஸ்டர், இப்பல்லாம் கராஜ் கதவைத் திறந்தாகூட உங்க குரல் கேக்குது."

இங்கிலீஷ் இன்னும் எனக்கு அவ்வளவாக வரவில்லை. பேங்கிலும் ஸ்கூலிலும் இன்றைக்கும் நான் அந்த முதல் நாள் ஆள்தான், டீச்சர் எது கேட்டாலும் தலையைத் தலையை ஆட்டிவிட்டு வருவேன். கவுன்டருக்குப் பின்னால் வந்துவிட்டால் மட்டும் வேறு ஆள். ஒரு வருஷம் இந்தத் தொழிலில் இருந்து நான் தெரிந்துகொண்டதை ஒரே வரியில் சொல்லணும் என்றால், நிறைந்த துப்பாக்கியைக் கண்டு எல்லாருக்கும் பயம் இருப்பதால் அதனால் அவ்வளவாக ஆபத்தில்லை, ஆபத்தெல்லாம் "காலிதான்" என்று சத்தியம் செய்கிற நல்ல மனுஷர்களிடம்தான், அதிலும் குறிப்பாக அவசரத்தில் இருக்கிற நல்ல மனு… இருங்க, டெப்பி கூப்பிடறாங்க, கவுன்டர்ல யாரோ துப்பாக்கிய வெச்சுட்டு காலிதான்னு…